ஈவ்வார் கோட்டைக்குள் அழைத்துச் செல்வதாகச் சொன்னால் பணம் கட்டாதீர்கள்

ஜெனீவாவிலிருந்து ஒருநாள் பயணமாக, பிரான்ஸின் ஏரிக்கரை ஊரான ஈவ்வார் போக நினைப்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். "14ஆம் நூற்றாண்டுக் கோட்டைக்குள் நுழைவு, ஏரி மீன் விருந்து, படகுப் பயணம்" என்று விளம்பரம் செய்த ஒரு பயண நிறுவனம் எங்களிடம் ஆளுக்கு 140 சுவிஸ் பிராங்க் வாங்கியது. மூன்றில் ஒன்றுகூடச் சொன்னபடி கிடைக்கவில்லை.

ஊரின் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. லெமான் ஏரியின் (ஜெனீவா ஏரி) பிரெஞ்சுக் கரையில் இருக்கும் ஈவ்வார், அந்தக் காலத்தில் இப்பகுதியை ஆண்ட சவாய் பிரபு ஐந்தாம் அமதேயுஸ் 1306இல் அரண் எழுப்பத் தொடங்கிய இடம். பழைய மதிலின் வாசல்கள் இரண்டு இன்றும் நிற்கின்றன. உள்ளே நுழைந்தால் கல் வீடுகள், ஜன்னல் நிறையப் பூந்தொட்டிகள், தண்ணீரை நோக்கி இறங்கும் சந்துகள். கார்கள் ஊருக்கு வெளியிலேயே நின்றுவிடுகின்றன.

கோட்டையின் கதைதான் மனதை ஆற்றவிடவில்லை. அது ஏரிக்கரையில் சதுரமாக, பருத்து நிற்கிறது. 17ஆம் நூற்றாண்டிலிருந்து ஒரே குடும்பத்தின் சொத்து, தனியார் வீடு. சுற்றுலாப் பயணிகளை உள்ளே விடுவதில்லை. ஊர்க்காரர் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். தினமும் பஸ் நிறைய ஆட்களைக் கொண்டுவரும் நிறுவனத்துக்கு இது தெரியாமல் இருக்க வழியே இல்லை. மூட்டு வலியோடு அந்தக் கற்பாதையில் இறங்கி வந்த என் மாமியார், பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு, "எப்போது திறப்பார்கள்?" என்று கேட்டார். வழிகாட்டியின் பதில்: "மதிலுக்குள் வந்துவிட்டோம் அல்லவா, இதுதான் கோட்டை நுழைவு."

நாங்கள் விடாமல் கேட்டதும், பக்கத்தில் இருக்கும் ஐம்புலன் தோட்டத்தைக் காட்டினார். கோட்டையின் பழைய காய்கறித் தோட்டத்தைத்தான் அப்படி மாற்றியிருக்கிறார்கள். வேலிச்செடிகளின் நடுவே சுற்றிச் சுற்றிப் போகும் பாதைகள், தொட்டும் முகர்ந்தும் பார்க்கச் செடிகள். அருமையான இடம், கட்டாயம் பாருங்கள். ஆனால் அதற்கு டிக்கெட் தனி, அதையும் நாங்களேதான் வாங்கினோம்.

மதியச் சாப்பாட்டில் வந்த பெர்ச் மீன் துண்டுகள் எல்லாம் அச்சில் வார்த்ததுபோல் ஒரே அளவு. நடுவில் குளிர்ச்சி விடவில்லை. முள்கரண்டியால் அழுத்தினால் தண்ணீர் கசிந்தது. பரிமாறிய பெண்ணிடம் கேட்டேன். வெளிநாட்டிலிருந்து உறைய வைத்து வருவது என்று ஒளிக்காமல் சொன்னார். இந்த ஏரியில் பிடிபடும் பெர்ச், கரையோர உணவகங்களின் தேவைக்குப் போதாது. பெரும்பகுதி வெளியிலிருந்துதான் வருகிறது. உணவுப் பட்டியலில் 'லெமான்' என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் வாய்விட்டுக் கேளுங்கள். பானங்களுக்குத் தனியாகப் பணம் கேட்டார்கள். அங்கே புழங்குவது யூரோ. பிராங்கின் மதிப்பு யூரோவைவிட அதிகமாக இருந்தும், ஒன்றுக்கு ஒன்று என்றே எடுத்துக்கொண்டார்கள்.

படகு? அலை அதிகம் என்று சொல்லி, போகவும் வரவும் பஸ்தான். நாங்கள் படகுத்துறையில் நின்றிருந்தபோதே எதிர்க்கரையில் உள்ள சுவிஸ் ஊரான நியோனிலிருந்து வழக்கமான படகு வந்து ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பியது.

நீங்கள் போவதாக இருந்தால் இடைத்தரகர் தேவையே இல்லை. ஜெனீவாவிலிருந்து நியோனுக்கு ரயில், அங்கிருந்து சுமார் 20 நிமிடத்தில் படகில் ஈவ்வார். திரும்பி வரும் கடைசிப் படகின் நேரத்தை மட்டும் முன்னதாகப் பார்த்துக்கொள்ளுங்கள், பருவத்துக்குப் பருவம் மாறும். பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள். ஏரியைக் கடந்தால் அது வேறு நாடு.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "நிகழ்ச்சி நிரல் மாறுதலுக்கு உட்பட்டது" என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. கார்டில் கட்டியிருந்ததால், விளம்பரத்தின் படத்தையும் ரசீதையும் இணைத்து வங்கியில் புகார் கொடுத்திருக்கிறேன். இதேபோல் ஏமாந்தவர்கள் உங்கள் வங்கியிலும் உடனே கொடுங்கள். புகாருக்குக் காலக்கெடு உண்டு.