ஹட்டன் மழைக்கு எந்த ஜோன் மேயர்?

ஆனி, ஆடியில் ஹட்டனில் மழை பிடித்தால் இலேசில் விடாது. அந்த நாட்களில் எங்கள் வீட்டில் ஒரு பழைய வழக்கு மறுபடி விசாரணைக்கு வரும். அமெரிக்கப் பாடகரும் கிட்டார் கலைஞருமான ஜோன் மேயரின் அல்பங்களில் எது உசத்தி? தம்பிக்கு 2006இல் வந்த ‘கொன்டினியூம்’. எனக்கு 2012இல் வந்த ‘போர்ன் அன்ட் ரெய்ஸ்ட்’.

தம்பி பக்கம் சாட்சிகள் அதிகம். சிறந்த பொப் குரலிசை அல்பத்துக்கான கிராமி விருதை 2007இல் வாங்கியது அவனுடையதுதான். ஸ்டீவ் ஜோர்டனின் டிரம்ஸும் பினோ பல்லடினோவின் பேஸ் கிட்டாரும் அதில் எங்கேயும் அவசரப்படுவதில்லை. ‘கிராவிட்டி’ பாடலில் மேயர் ஒரு சுரத்தைத் தொட்டுவிட்டு, அது அடங்கும்வரை அடுத்ததைத் தொடாமல் காத்திருக்கிறார். வேகமாக வாசிக்கத் தெரிந்த ஒருவருக்கு அந்தப் பொறுமை எளிதல்ல. ‘ஸ்டொப் திஸ் ட்ரெயின்’ இன்னும் ஒரு படி மேல். பெற்றோர் முதுமையடைவதைப் பார்த்துப் பயந்த மகன், காலம் என்ற ரயிலை நிறுத்தச் சொல்கிறான். எங்கள் பாதையில் அப்படிக் கெஞ்ச வேண்டியதில்லை. நானுஓயாவைத் தாண்டிப் பட்டிப்பொலைக்கு ஏறும்போது ரயில் தானே மூச்சு வாங்கும்.

ஆனால் அந்த அல்பத்தைத் திறந்து வைக்கும் பாடல் எனக்கு ஒட்டவேயில்லை. உலகம் மாறட்டும், நாங்கள் காத்திருக்கிறோம் என்கிறது அது. ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்த தோட்டத்து மக்களின் பிள்ளைகளிடம் காத்திருப்பின் சுகத்தைப் பாடினால் எப்படி?

‘போர்ன் அன்ட் ரெய்ஸ்ட்’ வெளிவருவதற்கு முன் மேயரின் குரல்நாணில் கட்டி வந்தது, அல்பம் தள்ளிப்போனது. டொன் வோஸுடன் சேர்ந்து அவர் தயாரித்த இந்த அல்பத்தில் மின்கிட்டாரின் மிடுக்கு குறைவு. ஹார்மோனிக்காவும் மரக்கிட்டாரும் முன்னுக்கு வருகின்றன. தலைப்புப் பாடலில் டேவிட் கிராஸ்பியும் கிரஹாம் நேஷும் பின்குரல் கொடுக்கிறார்கள். என்னைக் கட்டிப்போட்டது வோல்ட் கிரேஸ் என்பவரின் கதையைச் சொல்லும் பாடல். வீட்டு நிலவறையில் தானே ஒரு நீர்மூழ்கியைச் செய்து, எல்லோரும் கைகொட்டிச் சிரிக்கக் கடலில் இறங்கிவிடுகிறார் அந்த மனிதர். கடைசியில் அவர் மனைவிக்கு டோக்கியோவிலிருந்து தொலைபேசி அழைப்பு வருகிறது. என் மாமா லயத்துக்குப் பின்னால் பழைய இரும்பைக் குவித்துவைத்து, ஓடைத் தண்ணீரில் மின்சாரம் எடுக்க ஒரு சக்கரம் செய்தார். சிரிக்காத ஆள் இல்லை. ஒரு நாள் இரவு இரண்டு பல்புகள் எரிந்தன. மங்கலாகத்தான், ஆனாலும் எரிந்தன. இந்தப் பாடலைக் கேட்கும்போதெல்லாம் அந்த மஞ்சள் வெளிச்சம்தான் எனக்கு முன்னால் நிற்கிறது. இதற்குக் கிராமி எந்த மூலைக்கு?

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2001இன் ‘ரூம் ஃபோர் ஸ்குவெயர்ஸ்’ இளமைத் துள்ளல். கிட்டார் பழகுபவர்களுக்கு அது ஒரு பரீட்சை. 2003இன் ‘ஹெவியர் திங்ஸ்’ அல்பத்தில் உள்ள ‘டோட்டர்ஸ்’ ஆண்டின் சிறந்த பாடலுக்கான கிராமி பெற்றது. எனக்கோ அது சீனி கூடிய பிளேன்டி. 2013இன் ‘பரடைஸ் வேலி’ கேட்கும்போது நன்றாகத்தான் இருக்கும், கேட்டு முடித்தால் மனதில் நிற்காது. 2021இன் ‘சொப் ரொக்’ 1980களின் சின்தசைசர் ஒலிக்குத் திரும்பிப் போகிறது. கொழும்புக்குப் போகும் இரவு பஸ்ஸில், ஜன்னலோர இருக்கை கிடைத்தால், அதைப் போல வேறொன்றில்லை. வீட்டில் உட்கார்ந்து கேட்டால் பத்தாவது நிமிடத்தில் தேநீர் வைக்க எழுந்துவிடுவேன்.

தம்பி இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை. முதல் அல்பத்தின் ‘நியோன்’ பாடலுக்காகக் கிட்டாரின் தடித்த தந்தியை ‘சி’ சுரம்வரை தளர்த்திவிட்டுப் பெருவிரலோடு போராடிக்கொண்டிருக்கிறான். அது பிடிபட்ட பிறகு மேன்முறையீடு செய்வானாம்.