மராகேஷ் போகிறவர்கள் கவனத்துக்கு: "வழி அடைத்திருக்கிறது" என்றால் நம்பாதீர்கள், கருப்பு மருதாணிக்குக் கை நீட்டாதீர்கள்

அக்கா மகளின் வலது கையில் அந்தப் பூக்கொடி இன்னும் மறையவில்லை. சாயம் போய் இரண்டு மாதம் ஆகிறது, ஆனால் அது இருந்த இடமெல்லாம் தோல் வெளிறி, கோடு கோடாக அப்படியே நிற்கிறது. மொராக்கோவில் மராகேஷ் நகரத்தைச் சுற்றிப் பார்க்கப் போன ஒரே நாளில் எங்களுக்கு நடந்ததை எழுதுகிறேன். போகப்போகிற யாராவது ஒரு குடும்பம் தப்பித்தால் போதும்.

நாங்கள் ஆறு பேர். நான், என் மனைவி, அக்கா, அத்தான், அவர்களுடைய பன்னிரண்டு வயது மகள், அப்புறம் என்னோடு வேலை பார்க்கும் நண்பர் ஒருவர். மதினா என்கிற பழைய நகரத்துக்குள், நடுவில் முற்றம் வைத்த, ரியாது என்று சொல்கிற ஒரு விடுதியில் தங்கினோம். காலையில் புது நகரப் பக்கம் மஜொரெல் தோட்டம் பார்த்துவிட்டு மதினாவுக்குத் திரும்பினோம். அங்கே சின்ன டாக்ஸியில் மூன்று பேருக்கு மேல் ஏற்ற மாட்டார்கள், அதனால் இரண்டு வண்டி. எங்கள் வண்டிக்காரர் கேட்காமலே மீட்டர் போட்டார், இருபது திர்ஹாம்கூட ஆகவில்லை. அத்தான் ஏறிய வண்டியில் மீட்டர் கெட்டுவிட்டது என்று சொல்லி நூறு வாங்கிவிட்டார்கள். ஒரு திர்ஹாம் ஏறக்குறைய ஒன்பது, பத்து ரூபாய், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மீட்டர் இல்லை என்றால் உடனே இறங்கிவிடுங்கள், பின்னாலேயே அடுத்த வண்டி வரும்.

இது சின்ன விஷயம். பெரிய ஏமாற்று பிற்பகலில்தான்.

குதுபியா மசூதியின் கோபுரத்தைத் தோட்டத்தில் நின்று பார்த்தோம். 12ஆம் நூற்றாண்டுக் கட்டடம், 77 மீட்டர் உயரம். முஸ்லிம் அல்லாதவர்களை உள்ளே விடுவதில்லை. அங்கிருந்து கடைத்தெருக்கள் வழியாக பென் யூசுஃப் மதரசா என்கிற பழைய கல்விக்கூடத்தைப் பார்க்க நடந்துகொண்டிருந்தோம். ஒரு சந்து முனையில் நல்ல சட்டை போட்ட ஒரு இளைஞன் நிறுத்தினான். "இந்தியாவா? ஷாருக் கான்!" என்று சிரித்துவிட்டு, "இன்று வெள்ளிக்கிழமை, மதரசா கிடையாது, இந்தச் சந்து தொழுகைக்குப் போகிறவர்களுக்கு மட்டும், அடைத்திருக்கிறது" என்றான். வெள்ளிக்கிழமை என்பது உண்மை, அதனால் மற்றதும் உண்மையாகவே பட்டது. மலையிலிருந்து பெர்பர் இன மக்கள் தோல் கொண்டுவந்து விற்கும் சந்தை இன்று ஒரு நாள் மட்டும் நடக்கிறது, தான் கைடு இல்லை, மாணவன், காசு எதுவும் வேண்டாம், தன் வீடும் அந்தப் பக்கம்தான் என்றான். அத்தான் மட்டும் "வேண்டாம், வந்த வழியே போயிடலாம்" என்றார். நாங்கள் கேட்கவில்லை.

கால் மணி நேரம் அவன் வேகமாக நடக்க, நாங்கள் பின்னாலேயே ஓடினோம். எத்தனை திருப்பம் திரும்பினோம் என்று யாருக்கும் நினைவில்லை. பாப் தப்பாக் வாசல் பக்கத்தில் தோல் பதனிடும் தொட்டிகள் இருக்கின்றன, அங்கே கொண்டுபோய் ஒரு வயதானவரிடம் ஒப்படைத்துவிட்டு அவன் ஒதுங்கிக்கொண்டான். அவர் ஆளுக்கு ஒரு கொத்துப் புதினா கொடுத்தார், மூக்கில் வைத்துக்கொள்ள. அந்த வாடைக்கு அது தேவைதான். ஆட்டுத்தோல், மாட்டுத்தோல், ஒட்டகத்தோல் எல்லாம் சுண்ணாம்பிலும் புறா எச்சம் கரைத்த தண்ணீரிலும் ஊறுகின்றன. எச்சத்தில் இருக்கும் அம்மோனியாதான் தோலை மெத்தென்று ஆக்குகிறதாம். தொட்டிக்குள் தொடையளவு தண்ணீரில் நின்று வேலை செய்கிறவர்களைப் பார்த்தபோது மனசு கனத்துப்போனது. எங்களிடமிருந்து பிடுங்கியதில் அவர்களுக்கு ஒரு காசும் போயிருக்காது என்று நினைக்கிறேன்.

பத்து நிமிடத்தில் அது முடிந்தது. அடுத்து ஒரு தோல் கடை, தேநீர், அரை மணி நேரப் பேச்சு. எழுந்து வரக் கூச்சப்பட்டே அக்கா 900 திர்ஹாமுக்கு ஒரு பை வாங்கினார். மறுநாள் அதே மாதிரிப் பையை இன்னொரு கடையில் முதல் விலையாகவே 350 சொன்னார்கள். வெளியே வந்தால் அந்த வயதானவர் வழியை மறித்து நிற்கிறார், தலைக்கு 150, ஆறு பேருக்கு 900 என்கிறார். காசு வேண்டாம் என்ற பையனும் வந்து தனக்கு 300 கேட்கிறான். இன்னும் மூன்று பேர் எங்கிருந்தோ வந்து சுற்றி நின்று சத்தம் போட, பிள்ளை அழ ஆரம்பித்துவிட்டாள். 600 கொடுத்துத்தான் வெளியே வந்தோம். திரும்பிப் போகும் வழி நமக்குத் தெரியாது என்பதுதான் அவர்களுடைய மூலதனம். அது தெரியாதவரை எவ்வளவு கேட்டாலும் கொடுப்போம்.

ரியாது நடத்தும் அம்மா இதைக் கேட்டுக் கோபப்பட்டார். அரசு அங்கீகாரம் பெற்ற கைடு என்றால் அடையாள அட்டை வைத்திருப்பாராம். அது இல்லாமல் வழிகாட்டுவது அங்கே சட்டப்படி குற்றம், சுற்றுலாப் போலீஸ் என்று சொன்னாலே பாதிப் பேர் விலகிவிடுவார்கள் என்றார். நகரங்களில் போலீஸைக் கூப்பிட 19 என்ற எண். இதையெல்லாம் முன்னாடியே தெரிந்துகொண்டு போயிருக்க வேண்டும்.

மனசை மாற்றிக்கொள்ளலாம் என்று சாயங்காலம் ஜமா எல் ஃப்னா சதுக்கத்துக்குப் போனோம். அது உண்மையிலேயே பார்க்க வேண்டிய இடம். கதை சொல்கிறவர்கள், மேளக்காரர்கள், ஆரஞ்சுச் சாறு வண்டிகள், இருட்டியதும் எழும் அடுப்புப் புகை. இந்தச் சதுக்கத்தின் கலை மரபை 2001இலேயே யுனெஸ்கோ அங்கீகரித்திருக்கிறது. அங்கேதான் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஒரு பெண் அக்கா மகளின் கையைப் பிடித்து, "பரிசு, பரிசு" என்று சொல்லிக்கொண்டே ஊசி போடும் சிரிஞ்சால் பூ வரைய ஆரம்பித்துவிட்டார். தடுக்கப் போன என் மனைவியிடம் அக்கா சொன்னார், "மருதாணிதானே, வச்சுக்கட்டும் விடு."

நாம் ஏமாறுவது இங்கேதான். நமக்கு மருதாணி பழகின பொருள், அதனால் பயமே வராது. ஆனால் அம்மியில் அரைத்து ராத்திரி முழுக்க வைத்துத் தூங்கினாலும் நம் மருதாணி காலையில் சிவப்பாகத்தானே இருக்கும்? இது பத்து நிமிடத்தில் கன்னங்கரேல் என்று பிடித்தது. அப்போதே உறைத்திருக்க வேண்டும். பரிசு என்றவர் 300 கேட்டு 100 வாங்கிக்கொண்டதைக்கூட நான் மறந்துவிடுவேன்.

மூன்றாம் நாள் காலை கை முழுக்க அரிப்பு, மதியத்துக்குள் கோடு போன இடமெல்லாம் கொப்புளம். கெலீஸ் பகுதியில் ஒரு மருந்துக்கடைக்கு ஓடினோம். அங்கிருந்த பெண் பார்த்த உடனே "கருப்பு ஹென்னா" என்றார், அவருக்குப் புதிதில்லை. தலைச்சாயத்தில் போடும் பிபிடி என்ற ரசாயனத்தைக் கலந்தால்தான் அந்தக் கருப்பு வருமாம். களிம்பு கொடுத்தார், அக்கறையாகப் பார்த்தார். ஊருக்கு வந்து தோல் மருத்துவரிடம் காட்டியபோது, இந்த ஒவ்வாமை ஒருமுறை வந்தால் வாழ்நாள் முழுக்க இருக்கும், அந்தச் சாயம் உள்ள ஹேர் டை எதையும் அவள் இனிமேல் தொடக்கூடாது என்றார். பன்னிரண்டு வயது. அக்கா இன்றைக்கும் அதைச் சொல்லிச் சொல்லி அழுகிறார்.

யாராவது கையைப் பிடித்தால் வெடுக்கென்று இழுத்துக்கொள்ளுங்கள், மரியாதை பார்க்காதீர்கள். பாம்பையும் குரங்கையும் தோளில் வைக்க வருகிறவர்களிடமும் அப்படியே. வழியில் சந்தேகம் வந்தால் கடைக்குள் உட்கார்ந்திருக்கும் கடைக்காரரைக் கேளுங்கள், அவர் கடையை விட்டு உங்கள் பின்னால் வர மாட்டார்.

பை விலை கேட்ட அன்றே, அதாவது மறுநாள் சனிக்கிழமை, மதரசாவைத் தேடி நாங்களாகவே போனோம். அந்தப் பையன் எங்களை நிறுத்திய முனையிலிருந்து நடந்தால் மூன்று நிமிடம்கூட இல்லை. நேற்று மூடியிருந்ததா என்று டிக்கெட் கொடுத்தவரிடம் கேட்டேன். காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் திறந்துதான் இருந்தது என்றார்.