முதுகுப்பையோடு மூன்று தடங்கள்: தருமபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து புறப்படுவோருக்கான ஒப்பீடு

தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ வசித்துக்கொண்டு, குறைந்த செலவில் இரண்டு மூன்று நாடுகளைத் தரைவழியாகவே சுற்றிவர விரும்புகிறவர் முன்னே மூன்று தடங்கள் இருக்கின்றன. முதலாவது, ரயிலில் வடக்கே போய் நேபாளத்தையும் பூட்டானையும் பார்த்துத் திரும்புவது. இரண்டாவது, கோலாலம்பூரில் இறங்கித் தாய்லாந்து, லாவோஸ் வழியாக வியட்நாம் வரை செல்வது. மூன்றாவது, கஜகஸ்தான், கிர்கிஸ்தான், உஸ்பெகிஸ்தான் ஆகியவற்றை இணைக்கும் மத்திய ஆசியத் தடம். பலரும் விமானக் கட்டணத்தை முதலில் பார்த்துவிட்டு அதற்கேற்ப நாட்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நமக்கு விடுப்பு எந்த மாதத்தில் கிடைக்கிறது என்பதுதான் முதல் கேள்வி; எல்லைகளில் கட்ட வேண்டிய தொகை இரண்டாவது; விமானக் கட்டணம் அதற்கும் பின்னால்தான் வருகிறது.

இந்த இரு மாவட்டங்களிலும் ஓய்வுக் காலம் எல்லோருக்கும் ஒன்றாக அமைவதில்லை. ஓசூர்த் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறவர்களுக்குப் பொங்கலையும் ஆயுத பூசையையும் ஒட்டித்தான் தொடர்ந்து சில நாட்கள் கிடைக்கும். ஆசிரியர்களுக்கு ஏப்ரல் கடைசியும் மே மாதமும் கிடைக்கும். மாந்தோப்பு வைத்திருப்பவர்களும் மாங்கூழ்த் தொழிற்சாலைகளைச் சார்ந்தவர்களும் கோடை முழுவதும் நகர முடியாது. ஆகஸ்டு, செப்டம்பரில்தான் அவர்களுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். மூன்று தடங்களுக்கும் மூன்று வெவ்வேறு பருவங்கள் ஏற்றவை என்பதால், பாதி முடிவு இங்கேயே தெரிந்துவிடுகிறது. சனவரியில் தென்கிழக்கு ஆசியாவின் பெரும்பகுதி மழையின்றி இதமாக இருக்கும்; அதே நேரத்தில் கிர்கிஸ்தானின் தலைநகரான பிஷ்கெக் உறைபனியில் கிடக்கும். ஏப்ரலில் வடக்குத் தாய்லாந்திலும் லாவோஸிலும் வயல்களையும் காடுகளையும் எரிப்பதால் எழும் புகை வானத்தை மூடியிருக்கும். நேபாளத்தின் மலைச்சரிவுகளிலோ அந்த மாதத்தில் ரோடோடென்ட்ரான் பூத்திருக்கும். செப்டம்பரில் நேபாளத்தில் பருவமழை முழுமையாக ஓய்ந்திருக்காது. உஸ்பெகிஸ்தானின் சமர்கந்திலோ கோடை வெயில் தணியத் தொடங்கியிருக்கும்.

நேபாளம், பூட்டான் தடத்தின் பெரிய சிறப்பு, கடவுச்சீட்டு இல்லாமலே போகலாம் என்பது. இந்திய வாக்காளர் அடையாள அட்டை இரு நாடுகளுக்கும் போதும். ஆதார் அட்டையை மட்டும் நம்பிப் புறப்படக் கூடாது. பெங்களூரிலிருந்து ரயிலில் கோரக்பூர் போய், அங்கிருந்து பேருந்தில் சோனௌலி எல்லையைக் கடந்தால், புத்தர் பிறந்த லும்பினி அருகிலேயே இருக்கிறது. பிறகு பொக்காரா, காட்மாண்டு என்று கிழக்கே நகர்ந்து, காகர்பிட்டா எல்லை வழியாகச் சிலிகுரிக்கு வந்து, ஜெய்கானிலிருந்து பூட்டானின் புன்ட்ஷோலிங்குக்குள் நுழையலாம். திரும்புவதற்கு நியூ ஜல்பாய்குரியில் பெங்களூர் வண்டி கிடைக்கும். வந்த வழியிலேயே திரும்ப வேண்டாத வட்டம் இது.

செலவைப் பார்த்தால், நேபாளத்தில் இந்தியருக்கு விசாக் கட்டணம் கிடையாது. நூறு இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய் என்ற நிலையான மாற்று விகிதம் இருப்பதால் கணக்கும் எளிது. 2024 முதல் அங்கே பல கடைகளில் யுபிஐ மூலமே பணம் செலுத்தலாம். ரொக்கத்தை நூறு ரூபாய்த் தாள்களாக எடுத்துச் செல்வதே சிக்கலற்றது. பூட்டானில் நிலைமை வேறு. 2022 முதல் இந்தியப் பயணிகள் ஓர் இரவுக்கு 1,200 ரூபாய் வீதம் நீடித்த வளர்ச்சிக் கட்டணம் செலுத்த வேண்டும். அறை வாடகையும் சாப்பாடும் தனி. ஐந்து இரவுகள் தங்கினால் இந்த ஒரு கட்டணமே ஒருவருக்கு 6,000 ரூபாய் ஆகிவிடும். நேபாளத்தின் எளிய விடுதிகளில் அந்தத் தொகைக்குப் பல இரவுகள் தங்கலாம். கையில் இருப்பது குறைவு என்றால் பூட்டானை விட்டுவிட்டு அந்த நாட்களையும் நேபாளத்துக்கே கொடுப்பதுதான் விவேகம். பொக்காராவை ஒட்டிய அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்கான அனுமதிக்கட்டணம், மற்ற வெளிநாட்டினருக்கு 3,000 நேபாள ரூபாய் என்றால் இந்தியா உள்ளிட்ட சார்க் நாட்டினருக்கு 1,000 மட்டுமே. இந்தச் சலுகையை முழுவதும் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். ஆயுத பூசை விடுமுறையில் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அதே நாட்களில் அங்கே தசைன் திருவிழா நடப்பதால், ஊர் திரும்பும் கூட்டத்தில் பேருந்து இடம் கிடைப்பது அரிது.

இரண்டாவது தடம்தான், முதன்முறை கடல் கடந்து போகிறவருக்கு நான் முதலில் பரிந்துரைப்பது. மலேசியா 2023 டிசம்பரிலிருந்து இந்தியரை 30 நாட்களுக்கு விசா இல்லாமல் அனுமதிக்கிறது. இந்தச் சலுகை 2026 இறுதிவரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. தாய்லாந்தும் 2023 நவம்பரில் விசா விலக்கு அளிக்கத் தொடங்கியது. இவ்விரு நாடுகளுக்கும் புறப்படுமுன் இணையத்தில் வருகைப் படிவம் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை என்பதால், பணம் கேட்கும் போலித் தளங்களிடம் ஏமாறாதிருக்க வேண்டும். லாவோஸில் விசாவுக்கு ஏறக்குறைய 40 முதல் 50 டாலர் ஆகிறது. வியட்நாமின் இ-விசா ஒருமுறை நுழைய 25 டாலர். 90 நாட்கள் வரை கிடைக்கும். எந்த எல்லைச் சாவடி வழியாக நுழைவோம், எதன் வழியாக வெளியேறுவோம் என்பதை விண்ணப்பத்திலேயே குறிப்பிட வேண்டியிருப்பதால், வழியை முடிவு செய்துவிட்டு விண்ணப்பிப்பதே முறை.

இந்தத் தடத்தில் பணம் மிச்சமாவது இரவு ரயில்களாலும் படகாலும்தான். மலேசியாவின் ஈப்போ, பினாங்கு ஆகிய ஊர்களைப் பார்த்துவிட்டுப் பாடாங் பெசார் எல்லைக்கு ரயிலிலேயே போகலாம். இரு நாடுகளின் குடிநுழைவுச் சோதனையும் அந்த ஒரே நிலையத்தில் முடிந்துவிடும். தெற்குத் தாய்லாந்தின் ஹாட் யாயிலிருந்து பாங்காக்குக்கும், அங்கிருந்து சியாங் மாய்க்கும் தூங்கும் வசதியுள்ள ரயில்கள் இருப்பதால் இரண்டு இரவுகளின் விடுதி வாடகை மீதமாகிறது. அடுத்தது, தாய்லாந்து எல்லையை ஒட்டிய லாவோஸ் ஊரான ஹுவாய் சாயிலிருந்து மெக்கோங் ஆற்றில் லுவாங் பிரபாங்குக்கு இரண்டு நாள் படகுப் பயணம். நடுவில் பாக்பெங்கில் இரவு தங்க வேண்டும். ஒகேனக்கல் பரிசல் துறையில் காவிரியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, மலைகளுக்கு நடுவே நாள் முழுவதும் ஓர் ஆற்றோடு போவது எத்தகைய நிறைவைத் தரும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. 2021 டிசம்பரில் திறக்கப்பட்ட லாவோஸ்–சீன ரயில் பாதையால், முன்பு மலைச்சாலையில் ஏறத்தாழ ஒரு பகல் பிடித்த லுவாங் பிரபாங்–வியன்டியன் பயணம் இப்போது சுமார் இரண்டு மணி நேரத்தில் முடிகிறது. அங்கிருந்து ஹனோய்க்குப் பேருந்தில் ஒரு முழு நாள் ஆகும். உடல் களைத்துப்போகும் ஒரே கட்டம் அதுதான்.

கம்போடியாவை நான் இந்த வழியில் சேர்க்கவில்லை. 2025-இல் மூண்ட மோதலை ஒட்டித் தாய்லாந்து–கம்போடியா தரைவழிக் கடவுகள் மூடப்பட்டதால், பாங்காக்கிலிருந்து சியம் ரீப் போகும் பழைய வழியை நம்பித் திட்டமிட இயலாது. அங்கோர் வாட்டைப் பார்த்தே தீர வேண்டும் என்பவர்கள் வியட்நாம் பக்கமிருந்து போகலாம். ஒரு நாள் நுழைவுச்சீட்டு 37 டாலர்.

விமான நிலையத்தைப் பொறுத்தவரை, ஓசூர், கிருஷ்ணகிரிக்காரர்களுக்குப் பெங்களூர்தான் இயல்பு. ஆனால் அதன் விமான நிலையம் பெங்களூரின் வடக்குக் கோடியில், தேவனஹள்ளியில் இருப்பதால், ஓசூர் சாலை நெரிசலையும் நகரத்தையும் கடக்கத் தாராளமாக நேரம் ஒதுக்க வேண்டும். தருமபுரி, அரூர்ப் பக்கத்தவர் சேலம் வழியாகத் திருச்சிக்குப் போவதையும் எண்ணிப் பார்க்கலாம். திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நேரடி விமானங்கள் உண்டு. எங்கிருந்து ஏறினாலும், போகும் சீட்டைக் கோலாலம்பூருக்கும் திரும்பும் சீட்டை வியட்நாமிலிருந்தும் எடுப்பது நல்லது. முதல் ஊருக்கே திரும்பி வருவதற்காக இன்னொரு விமானச் சீட்டு வாங்கினால், ரயிலில் மிச்சம் பிடித்ததெல்லாம் அதிலேயே போய்விடும். விமான நிறுவனத்தார் திரும்பும் சீட்டைக் கேட்பார்கள் என்பதால், வியட்நாம் விசாவையும் கடைசிச் சீட்டையும் அச்சிட்டுக் கையில் வைத்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்பு முடிக்காததால் குடியேற்றச் சோதனை தேவை என்ற குறிப்புள்ள கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். மலேசியாவும் தாய்லாந்தும் அந்தச் சோதனை தேவைப்படும் நாடுகளின் பட்டியலில் உள்ளவை. சுற்றுலாவுக்குத் தனி அனுமதி தேவையில்லை என்றாலும், வேலைக்குப் போகவில்லை என்பதைத் திரும்பும் சீட்டும் தங்குமிட முன்பதிவும்தான் காட்டும்.

மத்திய ஆசியா அழகில் மற்ற இரண்டுக்கும் குறைந்ததல்ல. கஜகஸ்தானில் இந்தியருக்கு 2022 முதல் 14 நாட்கள் விசா இல்லை. உஸ்பெகிஸ்தான் இ-விசா 20 டாலர். கடல்மட்டத்திலிருந்து 3,000 மீட்டர் உயரத்தில் உள்ள கிர்கிஸ்தானின் சோங்-குல் ஏரிக்கரையில் மேய்ப்பர்களின் கூடாரத்தில் தங்கலாம்; தாஷ்கந்திலிருந்து சமர்கந்துக்கு அதிவேக ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம். ஆனால் விமானங்கள் பெரும்பாலும் டெல்லியிலிருந்தே புறப்படுவதால், நம் பகுதியிலிருந்து டெல்லிவரை போய்வரும் செலவையும் நாட்களையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும். ஆட்டிறைச்சியும் ரொட்டியும் நூடுல்ஸும் அங்கே முதன்மை உணவு; சைவர்களுக்கு இத்தடம் கடினமே. நேபாளத்தில் பருப்பும் சோறும் திரும்பத் திரும்பப் பரிமாறுவார்கள்; பினாங்கில் தமிழர் கடைகள் உண்டு; லாவோஸிலும் வியட்நாமிலும் மீன் சாறு சேர்க்காமல் தரும்படி கேட்டு வாங்க வேண்டியிருக்கும்.

பணத்தைக் கையாளும் முறையிலும் தடத்துக்குத் தடம் வேறுபாடு உண்டு. நேபாளத்துக்குச் சொன்னது மற்றவற்றுக்குப் பொருந்தாது. தாய்லாந்து ஏடிஎம்கள் வெளிநாட்டு அட்டைக்கு ஒவ்வொரு முறையும் 220 பாட் அல்லது அதற்கும் மேல் பிடித்துக்கொள்கின்றன; சிறுகச் சிறுக எடுப்பவர் அந்தக் கட்டணத்துக்கே ஒரு நாள் சாப்பாட்டை இழப்பார். தேவையானதை ஒரே தடவையில் எடுப்பதும், இந்திய ரூபாயில் கணக்கிடட்டுமா என்று இயந்திரம் கேட்டால் மறுத்து அந்நாட்டு நாணயத்திலேயே எடுப்பதும் நல்லது. லாவோஸ் எல்லையில் விசாவுக்குக் கொடுக்கக் கசங்காத டாலர் தாள்களைப் புறப்படும்போதே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். கிழிந்த, எழுதப்பட்ட தாள்களை அங்கே வாங்க மறுப்பதுண்டு.