அல்சூரில் ஒரு பஞ்சதந்திர வகுப்பு: தமனகனை ஏன் மாட்டிவிட்டார்கள்?

ஞாயிற்றுக்கிழமை அல்சூர் ஏரிப் பக்கம் ஒரு சின்ன ஹாலில் நடந்த பஞ்சதந்திரத் தலைமைப் பயிற்சிக்குப் போயிருந்தேன். பெங்களூரில் இந்த மாதிரி ஒன்று தமிழில் நடக்கிறதே என்றுதான் காசு கட்டினேன். வந்தவர்கள் பெரும்பாலும் ஐடி டீம் லீடுகள், கடை நடத்துகிறவர்கள் சிலர்.

மதியம் நடந்த காகம், ஆந்தை கதை பிரமாதம். சொந்த ராஜாவே அடித்துத் துரத்தியது போல உடம்பெல்லாம் ரத்தத்தோடு கிடந்து, ஆந்தைகளிடம் அடைக்கலம் கேட்கும் காக மந்திரி ஸ்திரஜீவி. ரக்தாட்சன் என்ற ஆந்தை மந்திரி மட்டும் 'இவனைக் கொன்றுவிடுங்கள்' என்கிறது, மற்ற மந்திரிகள் ஆளுக்கொரு நியாயம் சொல்லிச் சேர்த்துக்கொள்ளச் சொல்கின்றன. நீங்கள்தான் ஆந்தை ராஜா, முடிவெடுங்கள் என்று எங்களிடம் விட்டுவிட்டார்கள். போட்டிக் கம்பெனியிலிருந்து வருகிற ஆளை நம்பலாமா என்று ஒருவர் ஆரம்பிக்க, எங்கள் மேசையில் சண்டையே வந்துவிட்டது. பேச்சு எடுபடாத ரக்தாட்சன் தன் கூட்டத்தோடு கிளம்பிவிடுகிறது, அப்புறம் ஆந்தைக் குகைக்குக் காகங்கள் தீ வைக்கின்றன. "நோட்டீஸ் பீரியட் கூட இல்லாம போயிடுச்சு பாருங்க, புத்திசாலி" என்றார் பக்கத்தில் இருந்த அக்கா.

காலையில் நடத்திய மித்திரபேதம்தான் (நட்பைப் பிரிப்பது பற்றிய பஞ்சதந்திரப் பகுதி) சொதப்பல். பதவி இழந்த நரி தமனகன், பிங்களகன் என்ற சிங்க ராஜாவுக்கும் சஞ்சீவகன் என்ற காளைக்கும் நட்பு உண்டாக்கி, பிறகு அதையே உடைக்கிற கதை. சிங்கத்திடம் போய், காளை உன் ராஜ்யத்துக்கு ஆசைப்படுகிறது என்கிறது, காளையிடம் போய், சிங்கம் உன்னைத் தின்னப் போகிறது, அது காதை விறைத்து வாலைத் தூக்கி உட்கார்ந்திருந்தால் புரிந்துகொள் என்கிறது. இரண்டும் ஒன்றையொன்று சந்தேகத்தோடு பார்த்தால் போதும், மிச்சம் தானாக நடந்துவிடும். ஆபீஸில் தினம் நடப்பதுதானே இது? இதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசியிருக்கலாம். அதை விட்டுவிட்டு, கைவிலங்கு போட்ட நரிப் படம் ஒன்றைத் திரையில் காட்டி, கெட்டவன் கடைசியில் மாட்டுவான் என்று முடித்துவிட்டார்கள்.

மூலத்தில் தமனகன் மாட்டவே இல்லை! காளையைக் கொன்றுவிட்டு அழுகிற சிங்கத்தைத் தேற்றிவிட்டு, மந்திரியாகவே இருக்கிறது. அதைக் கூண்டில் ஏற்றி விசாரித்துத் தண்டிப்பதெல்லாம் எட்டாம் நூற்றாண்டில் இப்னு அல்முகஃபா பஞ்சதந்திரக் கதைகளை அரபியில் 'கலீலா வ திம்னா' என்று எழுதியபோது சேர்த்த அத்தியாயம். கேள்வி நேரத்தில் இதைச் சொன்னேன். "பாசிட்டிவா முடிக்கணும் சார்" என்றார் பயிற்சியாளர். மூன்று மந்த இளவரசர்களுக்கு ஆறே மாதத்தில் அரசியல் கற்றுக்கொடுக்க விஷ்ணு சர்மா சொன்ன கதைகள் இவை, பாசிட்டிவாக முடிக்க வேண்டும் என்று அவருக்கு என்ன தலையெழுத்து?

கையேட்டில் எழுத்துப்பிழை ஏராளம். பதினோராம் நூற்றாண்டிலேயே துர்கசிம்மன் கன்னடத்தில் பஞ்சதந்திரம் எழுதியிருக்கிறார், பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு அவர் பெயரைக்கூடச் சொல்லவில்லை. பிசிபேளே பாத் நன்றாக இருந்தது.

ஐந்துக்கு மூன்று. அடுத்த முறை போகிறவர்கள், மதியத்துக்கு மட்டும் தனி டிக்கெட் உண்டா என்று கேட்டுப் பாருங்கள்.