ஸ்டீல் கிட்டாருக்கு விரல் பிக்: உறுத்தாமல் விரலில் நிற்பது எது?

ஸ்டீல் கிட்டார், அதாவது தந்திகளின் மேல் உலோகத் துண்டை நகர்த்தி வாசிக்கும் கிட்டார், வாசிப்பவர்கள் தந்தியை மீட்ட விரலில் மாட்டிக்கொள்ளும் உலோக விரல் பிக்கைப் பற்றிப் பேசத் தொடங்கினால் பேச்சு நேராக நாதத்துக்குப் போய்விடும். பித்தளை இனிமையா, ஜெர்மன் சில்வர் கணீரென்று இருக்குமா, தடித்த தகடு கனம் சேர்க்குமா என்று மணிக்கணக்கில் விவாதிக்கலாம். ஆனால் அரை மணி நேரத்தில் விரல் நுனி சிவந்து, நகத்தின் அடி வலிக்கத் தொடங்கிவிட்டால் எந்த நாதமும் ரசிக்காது. வாசிக்கும் நேரத்தைக் கூட்டித் தருவது எதுவோ, அதுவே நல்ல பிக் என்பது என் கட்சி. அந்தக் கண்ணோடுதான் இங்கே ஒவ்வொரு வகையையும் பார்க்கிறேன்.

பிக்கில் இரண்டு பாகங்கள் உண்டு. விரலைச் சுற்றி வரும் பட்டை ஒன்று; தந்தியைத் தொடும் அலகு மற்றொன்று. பட்டையின் இரு முனைகளும் விரலின் மேற்புறத்தில், நகத்துக்குப் பின்னால் வந்து நிற்கும். அவற்றைக் காதுகள் என்று வைத்துக்கொள்வோம். வலி தெரிவது பட்டையில்தான். ஆனால் வலிக்கு மூலகாரணம் பெரும்பாலும் அலகு.

எப்படி என்றால், அலகு விரல் நுனியோடு ஒட்டி வளையாமல் நேராக நீட்டிக்கொண்டிருக்கும்போது அது நெம்புகோலாகிவிடுகிறது. மீட்டும் ஒவ்வொரு முறையும் தந்தி அலகின் நுனியைப் பின்னுக்குத் தள்ளுகிறது. அந்த உதை பட்டைக்குப் போய், காதுகளின் ஓரத்தை நகத்தின் அடியிலுள்ள மெல்லிய தோலில் அழுத்துகிறது. பிக் நகர்கிறதே என்று வாசிப்பவர் பட்டையை இன்னும் இறுக்குகிறார். ரத்த ஓட்டம் குறைந்து விரல் மரத்துப்போகிறது. அலகை நுனியின் வளைவுக்கு ஏற்றபடி மேல்நோக்கி வளைத்துவிட்டால், அந்த உதையை விரல் நுனியின் சதை வாங்கிக்கொள்ளும். பட்டைக்கு வேலை குறைவதால் அதைத் தளர்வாகவே விடலாம். ஆகவே ஒரு பிக்கைக் கையில் எடுத்தால் நான் கேட்பது இரண்டே கேள்விகள்: என் விரலுக்கு ஏற்றபடி வளையுமா? வளைத்தபடியே நிற்குமா?

இந்த இரண்டும் ஒன்றோடொன்று மோதுபவை. தடிமனில் அது நன்றாகத் தெரியும். டன்லப் நிறுவனத்தின் ஜெர்மன் சில்வர் பிக்கை 0.013 அங்குலத்திலிருந்து 0.025 அங்குலம் வரை பல தடிமன்களில் வாங்கலாம்; ஏறத்தாழ 0.33 முதல் 0.64 மில்லிமீட்டர். எண்களில் பார்த்தால் அற்ப வித்தியாசம். விரலில் அப்படி இல்லை. தகட்டின் தடிமன் இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்காகும். அந்தக் கணக்கில் 0.018 அங்குலத் தகட்டைவிட 0.025 அங்குலத் தகடு சுமார் 2.7 மடங்கு விறைப்பு, 0.013 அங்குலத் தகட்டோடு ஒப்பிட்டால் ஏழு மடங்கு.

0.013, 0.015 இரண்டையும் வெறும் விரலாலேயே வளைத்துவிடலாம். போட்ட மாத்திரத்தில் சுகமாக இருக்கும். ஆனால் அழுத்தி வாசித்தால் அலகு துவளும், பட்டை மெல்ல விரியும்; ஒரு பாட்டுக்கு நடுவில் பிக் கழன்று விழுவதும் உண்டு. மெல்லிய தகட்டின் ஓரம் தோலில் கோடு போடுவதையும் கவனியுங்கள். அதே அழுத்தம் குறுகலான ஓரத்தில் விழுந்தால் அறுப்பது போல் உணர்த்தும். எதிர்முனையில் 0.025 வளைத்த வளைவை விடாது, அடி பலமாக விழும். ஆனால் அதை வளைக்கக் குறடு வேண்டும். விரலில் போட்டுக்கொண்டே சிறிதாகச் சரிசெய்யவும் முடியாது. வாசிக்க வாசிக்கச் சூட்டில் விரல் சற்றுப் பருக்கும்போது அது இம்மியும் விட்டுக்கொடுக்காது. நடுவிலுள்ள 0.018, 0.0225 இரண்டும்தான் பெரும்பாலான விரல்களுக்குச் சரி. மென்மையாக மீட்டுபவர்களுக்கு முதலாவது, உலோகக் கூம்பால் ஒலியைப் பெருக்கும் ரெசனேட்டர் கிட்டாரில் பலமாக அடித்து வாசிப்பவர்களுக்கு இரண்டாவது என்பேன்.

உலோகத்தை வேகமாகக் கடந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்; தோல் விஷயம் குறுக்கே நிற்கிறது. ஜெர்மன் சில்வர் என்ற பெயரில் வெள்ளி இருந்தாலும் பொருளில் வெள்ளி இல்லை. செம்பு, துத்தநாகம், நிக்கல் மூன்றும் கலந்த உலோகம் அது. நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்களுக்குப் பட்டை படும் இடத்தில் அரிப்பும் தடிப்பும் வரும். மோதிரமோ கைக்கடிகாரமோ அணிந்து அப்படி வந்த அனுபவம் உள்ளவர்கள் இதைத் தவிர்ப்பது நல்லது. பித்தளையில் நிக்கல் கிடையாது. வியர்வை பட்டால் விரலில் பச்சைக் கறை படியும், அவ்வளவுதான்; சோப்புப் போட்டால் போய்விடும். ஆனால் நிக்கல் முலாம் பூசிய பித்தளை இந்தக் கணக்கில் சேராது, அது ஜெர்மன் சில்வர் மாதிரியே தோலைத் தொந்தரவு செய்யும். எவர்சில்வரிலும் நிக்கல் உண்டு என்றாலும் மிகக் குறைவாகவே வெளியேறும். அதன் சிக்கல் வேறு: பித்தளையைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விறைப்பு. ஒருமுறை விரலுக்கு அமைந்துவிட்டால் நெடுநாள் உழைக்கும். அமைய வைப்பதுதான் பெரும்பாடு. ஒலியைப் பொறுத்தவரை, உலோகத்தால் வரும் வேறுபாட்டைவிட அலகின் ஓரம் எவ்வளவு வழவழப்பாக இருக்கிறது என்பதால் வரும் வேறுபாடே என் காதுக்குப் பெரிதாகக் கேட்கிறது.

சௌகரியத்தின் உண்மையான போட்டி பட்டையின் அமைப்பில்தான் நடக்கிறது. வழக்கமான பிக்கில் பட்டை ஒரே அகலத் தகடு. அதை உருளையாக வளைத்திருப்பார்கள். விரலோ உருளை இல்லை. நுனியை நோக்கிக் குறுகும். குறுக்கே பார்த்தால் வட்டமாக இல்லாமல் பக்கவாட்டில் அகன்றிருக்கும். அதனால் அகலப் பட்டையின் பின் ஓரம் கணுவுக்கு அருகே இறுக்கும், முன் ஓரம் நகத்தருகே இடைவெளி விடும். இறுக்கம் ஓரிடத்தில், ஆட்டம் வேறிடத்தில். இதைத் தீர்க்க வந்ததுதான் பிளவுபட்ட பட்டை. புரோபிக் நிறுவனத்தின் பிளவுப் பட்டை பிக்கில் பட்டை இரண்டு குறுகிய கீற்றுகளாகப் பிரிந்திருக்கிறது. பின் கீற்றைச் சற்றுத் தளர்த்தி முன் கீற்றைச் சற்று இறுக்கினால் விரலின் குறுகலுக்கு அப்படியே ஒத்துப்போகும். நெடுநேரம் வாசிப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். குறையும் உண்டு. கீற்றுகள் குறுகலானவை என்பதால் ஓரங்கள் இரட்டிப்பாகின்றன. நான்கு காதுகளின் முனைகளையும் தேய்த்து மழுக்கவில்லையென்றால், ஒரு வலியைக் கொடுத்து நான்கை வாங்கியதாகிவிடும். கச்சிதமாக வளைக்கும் பொறுமையும் வேண்டும்.

அலகின் நடுவே திறப்பு உள்ள வகை இன்னொன்று. அதே நிறுவனம் ஃபிங்கர்டோன் என்ற பெயரில் விற்கிறது. உலோகம் நுனியைச் சுற்றி வளைந்து செல்லும், நடுவில் விரல் சதை தந்தியைத் தொடும். எந்தத் தந்தியில் விரல் இருக்கிறது என்பது தோலுக்கே தெரிந்துவிடுகிறது. பத்துத் தந்திகள் நெருக்கமாக ஓடும் பெடல் ஸ்டீலில் (கால் மிதிகளால் சுருதி மாற்றும் ஸ்டீல் கிட்டார்) இது சின்ன உதவி இல்லை. அடுத்த ஸ்வரத்துக்கு முன் தந்தியை நுனியால் தொட்டு நிறுத்தும் பழக்கமுள்ளவர்களுக்கும் லாபம்தான். அதிரும் தந்தியில் உலோகம் படும்போது எழும் ‘கிளிக்’ குறைகிறது. ஆனால் முழு அலகின் பளிச்சென்ற அடி வேண்டுபவர்களுக்கு இது ஒரு படி மங்கலாகத் தோன்றலாம். நகத்துக்கு அடியில் செருகிக்கொள்ளும் அலாஸ்கா பிக் போன்றவற்றை இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை. அவற்றுக்கு ஓரளவு நகம் வளர்ந்திருக்க வேண்டும். பலமான அடியில் பாரம் முழுவதும் நகத்தில் விழும்.

நேஷனல் என்ற பெயரில் வந்த பழைய பிக்கைத் தேடி அலைபவர்கள் ஸ்டீல் கிட்டார் உலகில் நிறையப் பேர். நல்ல பொருள்தான், மறுக்கவில்லை. ஆனால் அதன் பெருமையில் பாதி, பல ஆண்டுகள் வாசித்ததில் ஓரங்கள் தேய்ந்து வழவழப்பானதால் வந்தது என்பது என் எண்ணம். அந்த வழவழப்பைப் புதிய பிக்கிலும் உண்டாக்கிக்கொள்ளலாம்.

அதற்கான வழி. அச்சில் வெட்டிய புதிய பிக்கின் ஓரத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள், பிசிறு தட்டும். 600 எண் உப்புத்தாளால் அலகின் ஓரத்தையும் காதுகளின் முனைகளையும் உருட்டித் தேய்த்து, 1500 எண்ணில் முடித்து, உலோக பாலிஷ் போட்டால் மெல்லிய கம்பி சுற்றிய தடித்த தந்திகளில் வரும் கரகரப்பும் சேர்ந்தே போய்விடும். பிறகு விரலைவிடச் சற்று மெல்லிய உருண்டைக் கம்பியில் வைத்துப் பட்டையை வளைக்க வேண்டும். மூக்குக் குறட்டைப் பயன்படுத்தினால் அதன் வாயில் துணி டேப் சுற்றிக்கொள்ளுங்கள், தகட்டில் பல் பதியாது. காதுகள் நகத்தின் அடிக்கும் முதல் கணுவுக்கும் நடுவே உட்கார வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. கடைசியாக அலகை நுனியோடு ஒட்டி மேல்நோக்கி வளைத்து, விரலுக்கு வெளியே இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் நீளவிடுங்கள். அதற்கு மேல் நீண்டால் நெம்புகோல் மீண்டும் வந்துவிடும். கை சூடாகும் வரை, அதாவது பத்து நிமிடமாவது வாசித்த பிறகே இறுக்கத்தைப் பற்றி முடிவெடுங்கள். வியர்வையில் வழுக்கினால் பட்டையை இறுக்காமல் உட்புறம் மெல்லிய துணி பிளாஸ்டரை ஒட்டிப் பாருங்கள்.

புதிதாகத் தொடங்குபவர் 0.018 ஜெர்மன் சில்வரில், ஒவ்வாமை இருந்தால் அதே தடிமன் பித்தளையில், சாதாரணப் பட்டையோடு தொடங்கலாம். வளைக்கக் கற்றுக்கொள்ள அதைவிடப் பொறுமையான தகடு இல்லை. தினமும் நெடுநேரம் வாசிக்கும் நிலை வந்ததும் பிளவுப் பட்டைக்கு மாறுங்கள். தந்தியைத் தோலால் உணர வேண்டும் என்ற ஏக்கம் விடாதவர்களுக்குத் திறந்த அலகு. எதை வாங்கினாலும் ஆள்காட்டி விரலுக்கு அமைத்ததை நடுவிரலுக்கு மாற்றிப் போடாதீர்கள். இரண்டின் பருமனும் ஒன்றில்லை. பட்டையின் உட்புறத்தில் சிறு கீறலால் அடையாளம் இட்டுக்கொண்டால் அவசரத்திலும் மாறாது.