அப்பா கதையா, மகள் கதையா: எல் கென்னடியில் எதை எடுக்கலாம்?

ஆங்கிலத்தில் காதல் நாவல் எழுதுகிற எல் கென்னடி பெயரைப் பார்த்தால் பின்னட்டையைக்கூடத் திருப்பாமல் எடுக்கிற ஆள் நான். அதனால்தான் அவருடைய 'தி கிரஹாம் எஃபெக்ட்' நாவல் மேல் இவ்வளவு கடுப்பு. யாரோ எவரோ எழுதியிருந்தால் ஐம்பதாம் பக்கத்தில் மூடிவிட்டுத் தூங்கியிருப்பேன். பிடித்தவர் எழுதினால் அப்படி முடிவதில்லை, அடுத்த அத்தியாயத்தில் சரிவரும், அதற்கடுத்ததில் சரிவரும் என்று கடைசிப் பக்கம் வரை இழுபட்டுக்கொண்டே போகிறோம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 'தி டீல்' 2015இல் வந்தது. அமெரிக்காவில் ப்ரையர் என்று ஒரு கற்பனை கெம்பஸ், பனித்தரை ஹாக்கி அணியின் தலைவன் காரெட் கிரஹாம், இசை படிக்கிற ஹன்னா வெல்ஸ். 2023இல் வந்த 'தி கிரஹாம் எஃபெக்ட்' இந்த இருவரின் மகள் ஜிஜியின் கதை. அவளும் அதே ப்ரையரில் ஹாக்கி ஆடுகிறாள், வாயே திறக்காத லூக் ரைடர் மேல் காதலாகிறாள். இவற்றோடு ஹன்னா கிரேஸின் 'ஐஸ்பிரேக்கர்'ஐயும் பக்கத்தில் வைக்கிறேன், ஏனென்றால் கண்டிப் பக்கம் ஹாஸ்டல் பிள்ளைகளிடம் கைமாறிக் கைமாறி முனை மடங்கிக் கிடப்பது பெரும்பாலும் அதுதான்.

கென்னடியின் இரண்டு கதையும் ஒரு பேரத்தில்தான் ஆரம்பிக்கின்றன. அப்பா கதையில் காரெட் அறவியல் பாடத்தில் கோட்டை விடுகிறான். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் புள்ளி ஒரு அளவுக்குக் கீழே இறங்கினால் அணியில் ஆட முடியாது, ஆகவே நல்ல புள்ளி எடுத்த ஹன்னாவின் பின்னால் 'சொல்லிக் கொடு, சொல்லிக் கொடு' என்று அலைகிறான். அவளுக்கு ஜஸ்டின் என்ற வேறொருவன் மேல் கண். அவன் பார்வை தன் பக்கம் திரும்ப வேண்டும், அதற்குக் காரெட்டோடு ஊரறிய ஒரு தடவை வெளியே போக வேண்டும். அவ்வளவுதான் பேரம். ஆனால் இரண்டு பேருக்கும் இதில் இழக்க ஏதோ இருக்கிறது. ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) வருஷம் வந்ததுமே வீட்டில் முதலில் வெட்டு விழுவது பிரக்டிஸுக்குத்தான் என்பதை அனுபவித்தவர்களுக்கு காரெட்டின் பதற்றம் சட்டென்று பிடிபடும்.

மகள் கதையின் பேரம் கேட்க இன்னும் நன்றாகவே இருக்கிறது. ஜிஜிக்கு அமெரிக்கத் தேசிய அணியில் இடம் பிடித்து ஒலிம்பிக் போக வேண்டும், அவளுடைய பலவீனம் கோல் வலைக்குப் பின்னால் ஆடும் ஆட்டம். ரைடர் அதைச் சொல்லிக் கொடுப்பான், பதிலுக்கு அவள் தன் அப்பாவிடம் அவனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும். இந்தப் பயிற்சிக் காட்சிகளில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நான் பாடசாலையில் வலைப்பந்து ஆடியவள். நுவரெலியாப் பக்கம் பின்னேரம் மூடுபனி இறங்கிவிட்டால் நடு வட்டத்தில் நிற்கிறவளுக்கு வளையம் தெரியாது, கோல் ஷூட்டர் கத்துகிற திசையைப் பார்த்துத்தான் பந்தை எறிவோம். எல்லாம் நன்றாக ஆடுகிற ஒருத்தியை ஒரே ஒரு குறைக்காக அணியில் எடுக்காமல் விடுவதையும் பார்த்திருக்கிறேன். அந்த வயிற்றெரிச்சலைக் கென்னடி சரியாக எழுதியிருக்கிறார். பெண்கள் ஹாக்கி ஒலிம்பிக்கில் சேர்ந்ததே 1998இல்தான், அந்த முதல் தங்கம் அமெரிக்காவுக்குப் போனது. கனடாக்காரரான கென்னடி தன் கதாநாயகியை அந்த அணிக்கு அனுப்பப் பாடுபடுவது தனி வேடிக்கை.

இன்னொரு நல்ல விஷயம், ஈஸ்ட்வுட் என்ற கல்லூரியின் வீரர்களை ப்ரையர் அணியோடு சேர்த்துவிடுவது. 1945இலிருந்து பிரட்பி கேடயத்துக்காக மோதுகிற டிரினிட்டி, ரோயல் ரக்பி அணிகளை ஒரே ஜேர்சியில் இறக்கிவிட்டால் உடைமாற்றும் அறை எப்படியிருக்கும், அப்படி ஒரு ரகளை. அதில் ஜிஜியின் பழைய காதலனும் ரைடரும் சேர்ந்தே தலைவர்கள். இதற்கு மேல் ஒரு காதல் கதைக்கு என்ன வேண்டும்?

ஆனால் காதலைத்தான் காணோம். ரைடருக்கும் ஜிஜிக்கும் நடுவே நிற்க வேண்டிய தடை ஒவ்வொன்றும் கிட்டப் போனதும் கரைந்து போகிறது. பழைய காதலன் கொஞ்சம் முறைக்கிறான், அப்பா கொஞ்சம் முகம் சுளிக்கிறார், பிறகு எல்லாரும் நல்லவர்கள். ரைடரின் சிறுவயது உண்மையிலேயே கனமானது, அதைப் பிந்தித் திறந்து அவசரமாக மூடிவிடுகிறார். 'கிரஹாம் மகள்' என்ற பெயரைச் சுமக்கிற பாரம்தான் ஜிஜியின் கதையே, அங்கேயும் பழைய நாயகர்கள் மாமா சித்தப்பா மாதிரி வரிசையாக வந்து நலம் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள், அவளுக்குப் பேச இடமில்லை. கல்யாண வீட்டில் மணப்பெண்ணை விட்டுவிட்டுச் சொந்தக்காரர்களையே படமெடுத்த வீடியோ போல.

'தி டீல்'இல் அப்படியில்லை. ஹன்னா பாடசாலை வயதில் பாலியல் வன்முறைக்கு ஆளானவள் (படிக்குமுன் தெரிந்திருப்பது நல்லது), அவள் ஒருவனை நம்ப எடுக்கிற நேரம் கதைக்குள் உண்மையாகவே செலவாகிறது. காரெட்டுக்கும் அடிக்கிற அப்பன், அந்த ஆளின் காசிலேயே படிக்கிற அவமானம். இருவரும் சிரிக்கச் சிரிக்கச் சண்டை போடுவார்கள், அடியில் இது ஓடிக்கொண்டிருக்கும். ஹாக்கி என்று பார்த்தால் மகள் கதையில் இருப்பதில் கால்வாசிகூட இதில் இல்லை. எனக்கு அது பெரிய குறையாகப் படவில்லை.

'ஐஸ்பிரேக்கர்' நடுவில் எங்கோ நிற்கிறது. ஒரு பனித்தரை பாழாகிப் போக, ஹாக்கிக்காரர்களும் அழகுச் சறுக்கல்காரர்களும் மிச்சமிருப்பதைப் பங்கு போட வேண்டி வருகிறது. கதாநாயகி அனஸ்டேஷியாவின் சறுக்கல் துணைவன் ஏரன் அவள் என்ன சாப்பிட வேண்டும் என்றுகூடத் தீர்மானிக்கிறான், அவள் அதைப் பாசம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அந்தப் பகுதி அருமை. ஹாக்கி அணித் தலைவன் நேட் அவளைக் கொஞ்சமாவது சாப்பிட வைக்கிற இடங்களும்தான். ஆனால் நேட் இவ்வளவு தங்கமானவனாக இருந்தால் எனக்குக் கொட்டாவி வருகிறது, அதோடு கதையை நன்றாக இழுக்கிறார்கள். கார்ட்டூன் அட்டையைப் பார்த்துச் சின்னப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள், மூன்று புத்தகத்திலும் படுக்கையறைக் கதவு திறந்தேதான் இருக்கும். ஆடியோபுத்தகமாகக் கேட்கிறவர்கள் இயர்போன் போட்டுக்கொள்ளுங்கள், தேயிலைத் தோட்டத்து லயத்துச் சுவர் எவ்வளவு மெல்லிசு என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஆகவே ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் 'தி டீல்', யோசிக்கவே வேண்டாம். விளையாடிய பெண்கள் மகள் கதையை இரவல் வாங்கி, பயிற்சிக் காட்சிகளை மட்டும் படிக்கலாம். 'ஐஸ்பிரேக்கர்' யாராவது கொடுத்தால்.

கென்னடியைக் கைவிட்டுவிட்டேனா என்றால் இல்லை. 2024இல் வந்த 'தி டிக்சன் ரூல்' அடுத்த பாகம். ஜிஜியின் தோழி டயானாவும் ஷேன் லிண்ட்லியும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு காதலிப்பதுபோல் நடிக்கிறார்கள். பொய்க்காதல் இவருக்குக் கைவந்த சரக்கு. ஆனால் இந்தத் தடவை முதலில் யாரிடமாவது இரவல் வாங்கித்தான்.