முதுகுல இருந்த கொழுப்புக் கட்டிய பாளையங்கோட்டைல எடுத்துட்டு வந்த கதை

வலது தோள்பட்டைக்குக் கீழ ஒரு கட்டி, ஆறேழு வருசமா இருக்கு. மொதல்ல சுண்டைக்கா சைஸ்ல இருந்துச்சு, இந்தத் தடவ ஊருக்குக் கெளம்பும்போது எலுமிச்சங்கா அளவு. வலி கெடையாது, அமுக்குனா வழுக்கிட்டு நகரும், ஆனா பேக் மாட்டுனா உறுத்தும். லண்டன்ல ஜிபி (நம்மூர் குடும்ப டாக்டர் மாதிரி) தொட்டுப் பாத்துட்டு லைப்போமாதான், அதாவது கொழுப்புக் கட்டி, ஒண்ணும் செய்யாது, இத என்எச்எஸ்ல (அங்கத்த அரசாங்க மருத்துவம்) பொதுவா எடுக்கறதில்லன்னுட்டாங்க. வெளிய பிரைவேட்ல கேட்டா அந்தக் காசுக்கு ஊருக்கே போய்ட்டு வந்துரலாம் போல.

வீட்ல அம்மா பாத்துட்டு "கறியக் கொறடான்னா கேக்கியா, அந்தக் கொழுப்புதான் இது"ன்னு ஆரம்பிச்சுட்டாங்க, பக்கத்து வீட்டு அத்தை சுண்ணாம்பு தடவச் சொன்னாங்க (தடவல, தோல்தான் வெந்து போகும்). மறுநாள் சர்ஜன் கிட்ட போனப்ப அம்மா சொன்னதச் சொன்னேன், சிரிச்சுட்டாரு. திங்கிற கறிக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல, எடை கொறைச்சாலும் இது கரையாது, வீட்ல வேற யாருக்காவது இருக்கான்னு கேட்டாரு. எங்க சித்தப்பாவுக்கு ரெண்டு கையிலயும் ஏழெட்டு இருக்கு, சில குடும்பத்துல அப்பிடி வருமாம்.

கட்டி மேல கரும்புள்ளி மாதிரி சின்ன ஓட்டை இருக்கான்னும் பாத்தாரு, இருந்தா அது வேற வகைக் கட்டி, சீழ் புடிக்கும். கல்லு மாதிரி கெட்டியா இருந்தாலோ நகராம இருந்தாலோ சட்டுனு வளந்தாலோ 5 செ.மீ. தாண்டுனாலோ சும்மா விடக் கூடாதாம். எனக்கு ஸ்கேன்ல 4 செ.மீ. சொச்சம், தோலுக்கு அடியிலேயே இருக்குன்னு வந்துச்சு.

மரத்துப்போற ஊசி போடும்போது மட்டும் சுள்ளுன்னு இருந்துச்சு, அப்பறம் யாரோ சட்டையப் புடிச்சு இழுக்குற மாதிரிதான், அரை மணி நேரத்துல முடிஞ்சுது. எடுத்ததக் காட்டுனாரு, கோழித்தோலுக்கு அடியில இருக்குமே மஞ்சக் கொழுப்பு, அச்சு அசல் அதேதான். மெல்லிசா ஒரு பை மாதிரி சுத்தி இருக்கும், அதோட முழுசா வந்தா அதே எடத்துல திரும்ப வர்றது அபூர்வம்னாரு. மொத்தச் செலவு 14,000 ரூபாய்.

இதுவரைக்கும் ஒரு குறையும் இல்ல. அப்பறம் நர்ஸ் ஒரு டப்பாவ நீட்டி, "வெறும் கொழுப்புதான் சார், வேணும்னா டெஸ்டுக்குக் குடுங்க"ன்னாங்க. வேணும்னாவா? புற்றுநோய் இல்லன்னு உறுதியாத் தெரிய அதுதான வழி! குடுக்கறேன்னதும் டப்பாவ மச்சான் கையில திணிச்சு லேபுக்கு நீங்களே கொண்டு போங்கன்னுட்டாங்க. மனுசன் அத பைக் ஹேண்டில்ல மாட்டிக்கிட்டு வழியில டீ வேற குடிச்சுட்டுதான் போயிருக்காரு. நாலு நாள்ல ரிப்போர்ட் வந்துச்சு, லைப்போமா, பயமில்ல.

நான் பண்ண தப்பு என்னன்னா இதெல்லாம் லீவோட கடைசில வச்சுக்கிட்டது. முதுகுத் தையல் பிரிக்க 10லருந்து 14 நாள் ஆகும், எனக்கு பிளைட்டு எட்டாவது நாள். போறவங்க எறங்குன மொத வாரமே முடிச்சுருங்க, டிஸ்சார்ஜ் சம்மரிய டைப் பண்ணி வாங்குங்க, எனக்குக் கையெழுத்துல ஒரே வரி, "5 தையல்"னு. லண்டன்ல நர்ஸ் அத வச்சுக்கிட்டு அஞ்சப் பிரிச்சுட்டு ரொம்ப நேரம் முதுகையே பாத்துட்டிருந்தாங்க. ஆறாவது ஒண்ணு இருந்துச்சு.